நாலரை அடி

ஒற்றையர் ஆடும்போது அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை.
இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே
நாலரை அடி அகலம்.
பந்து அங்கே விழுந்தால் 'அவுட்'.
என் பதினாறு வருடப் பிழைப்பு
அந்த 'அவுட்'டுக்குள்தான் நடந்தது.

பார்னுவில் பாதி வருடம் பனி.
காற்றடைத்த கூடாரத்துக்குள் ஆடக் கற்றோம்.
தூக்கி அடித்தால் பந்து துணியில் இடிக்கும்.
அதனால் எனக்கு லாப் வரவே இல்லை;
வலையருகே நின்று
முகத்துக்கு நேரே வருவதைத் தட்டிவிடத்தான் வந்தது.
ஒற்றையர் தரவரிசையில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
அதற்கு மேல் கார் வாடகைக்கே கட்டுப்படியாகவில்லை.

தெசிஸ்லாவாவை ரபாத்தில் பார்த்தேன்,
பதிவு மேசையில், நேரம் முடிய ஏழு நிமிடம் இருக்கையில்.
அவள் ஜோடிக்கு வயிற்றுக்கோளாறு.
என் ஜோடிக்குக் காதல்.
"இடப்பக்கமா, வலப்பக்கமா?" என்றாள்.
எதுவானாலும் சரி என்று பொய் சொன்னேன்.
அவளுக்குப் பல்கேரியம், எனக்கு எஸ்டோனியம்,
நடுவில் ஓட்டை ஆங்கிலம்,
அதிலும் மைதானத்துக்குள் நான்கே சொல்:
எனது, உனது, விடு, சாரி.
ஒன்பது வருடக் குடித்தனத்துக்கு அது போதுமாயிருந்தது.

நான் சர்வீஸ் போட நிற்கும்போது
அவள் வலையருகே குனிந்து
முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவாள்.
சுண்டுவிரல்: ஓரமாகப் போடு.
ஆள்காட்டி: நடுக்கோட்டில்.
மூடிய முஷ்டி: நின்ற இடத்தில் நிற்பேன்.
விரித்த உள்ளங்கை: குறுக்கே பாயப்போகிறேன், நீ மறுபக்கம் ஓடு.
"ம்" என்பேன்.
திரும்பிப் பார்த்ததே கிடையாது.
மோதிர விரலின் பிளாஸ்திரி,
பின்கழுத்தில் வெயில் விட்ட கோடு,
பனியன் முதலில் நனையத் தொடங்கும் இடம்
இதெல்லாம் அவள் கணவனுக்குத் தெரிந்திருக்காது.
கண் என்ன நிறம் என்று கேட்டால்
அவனைத்தான் கேட்க வேண்டும்.

யாஷ் நகரில் கோப்பை வென்ற அன்று
பார்த்தவர்கள் பதினொரு பேர்,
அதில் ஒருவர் மறந்த குடைக்காகத் திரும்பி வந்தவர்.
பரிசுப் பணத்தை இரண்டால் வகுத்து,
நரம்பு பின்னுகிறவனுக்குக் கொடுத்து,
மீதியில் ஒரு தர்பூசணி.
ரயில் நிலையப் படியில் உட்கார்ந்து தின்றோம்.
விதை துப்பக் கோப்பை உதவியது.

பலெர்மோவில், காலை உணவில்,
"ஏப்ரலில் ஹென்ரியெத்தும் வருகிறாள்,
ஸ்டுட்கார்ட் போகிறோம்" என்றாள்.
அவள் ஆங்கிலத்தில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்.
தலையாட்டினேன்.
முட்டையை உரித்து முடித்தபோதுதான் புரிந்தது
அது நாங்கள்.
காரணம் கேட்கவில்லை.
என் வலது தோள் எங்கள் இருவருக்குமே தெரிந்த காரணம்.
அவள் உப்பை என் பக்கம் நகர்த்தினாள்.

மறு ஜூன், நாட்டிங்ஹாம், புல்தரை, இரண்டாம் சுற்று.
என் பக்கத்தில் பெயர்கூட நாக்குக்குப் பழகாத ஒரு பெண்.
வலைக்கு அந்தப் புறம் தெசி.
ஆட்டத்தின் நடுவே அவள் முகத்தை
இத்தனை வருடத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.
கண் பச்சை. இடது கண்ணில் துளி பழுப்பு.
குனிகிறாள். கை பின்னால் போகிறது.
அந்த விரல்கள் ஹென்ரியெத்துக்கு.

பாயப்போகும்போது அவள் மூச்சை அடக்குவாள்.
முதுகு சொல்லித் தந்தது அது,
நெஞ்சிலும் அதேதான்.
அவள் கிளம்பிய கணத்தில்
விட்டுப்போன ஓரத்தில் அடித்தேன்.
சுண்ணாம்பு பறந்தது.
நாலரை அடிக்குள், இன்னும் ஒரு சாண் மிச்சம் வைத்து.

அந்தப் புள்ளி மட்டும் எங்களுக்கு.
ஆட்டம் அவர்களுக்கு, பத்துக்கு எட்டு.

வலைக்கு மேல் கை நீட்டியபோது
"அந்த ஓரப் பந்து, எனது" என்றாள்,
ஜோடியிடம் தப்பை ஒப்புக்கொள்கிற அதே குரலில்.
"விடு" என்றேன்.